காய்ச்சலை மருந்தாக்க முயன்றவர்
வைத்தியர் வில்லியம் கோலியின் வாழ்க்கை

2007ஆம் ஆண்டிலே எனது மூத்த தமையனார் காலமானார். அவருடைய உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றியிருந்தது. தோட்டத்திலே வெறுங்காலுடன் நடந்து பழகியவர் அவர். முன்னொரு நாள் முள் குத்திய இடம் கறுத்துவிட்டது என்றே அவரும் எண்ணினார். வீட்டாராகிய நாமும் எண்ணினோம். புள்ளி பெருத்துப் புண்ணாகிய பின்னரே வைத்தியசாலைக்குச் சென்றோம். அது மெலனோமா என்னும் தோற்புற்று என்றும், தொடையடிக் கணுக்களையும் சுவாசப்பையையும் எட்டிவிட்டது என்றும் அங்கே சொன்னார்கள். அந்நிலையை அடைந்த மெலனோமாவுக்கு ஆயுளை நீட்டுவதாக நிறுவப்பட்ட மருந்து எதுவும் அன்று உலகில் எங்குமே இருக்கவில்லை. வைத்தியர் அதனை ஒளிக்காமற் சொன்னார். அண்ணர் அதனைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, வீட்டுக்குப் போவோம் என்று எழுந்தார்.

அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின், 2011இல், அந்நோயில் ஆயுளை நீட்டுவதாக நிறுவப்பட்ட முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மேலும் நான்கு ஆண்டுகளில் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையும் வந்தது. உடலில் இயல்பாகவே உள்ள நிர்ப்பீடன சக்தியைத் தூண்டிப் புற்றை அழிக்கச் செய்யும் மருந்துகள் இவை. இவற்றின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அதன் தொடக்கத்திலே ஓர் இளம் வைத்தியர் நிற்கக் கண்டேன். மருத்துவ உலகம் அவரை நிர்ப்பீடன சிகிச்சையின் தந்தை என்று இன்று போற்றுகின்றது. அவர் உயிரோடிருந்தபோது அவரை நம்பியவர்கள் சிலரே. அவர் கண்டது உண்மையாயிருந்தும் உலகம் ஏன் அதனை ஏற்கவில்லை? இவ்வினா என்னைப் பல நாள் வாட்டியது. அதற்கு நான் கண்ட விடையே இக்கட்டுரை.

ஒரு பெண்ணின் மரணம்

வில்லியம் பிராட்லி கோலி 1862ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்காவின் கொனெக்டிகட் மாநிலத்திலே பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் 1884இல் பட்டம் பெற்று, இரண்டு ஆண்டுகள் ஒறிகன் மாநிலத்தில் ஆசிரியராக இருந்தார். பின்னர் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1888இல் வைத்தியரானார். நியூயோர்க் வைத்தியசாலையில் சத்திர சிகிச்சைப் பயிற்சி பெற்று, 1890இல் தாமே தொழில் செய்யத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு. திறமையான கை, நல்ல பெயர், செல்வர்களின் ஆதரவு ஆகிய யாவும் அவரை நாடி வந்துகொண்டிருந்தன.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலே பெஸி டாஷியல் என்னும் பதினேழு வயதுப் பெண் அவரிடம் வந்தாள். புகையிரதப் பயணமொன்றில் அவளுடைய வலக்கை இருக்கைகளிடையே அகப்பட்டு நசுங்கியிருந்தது. வீக்கமும் நோவும் தணியவில்லை. சாதாரண அடி என்றே முதலிற் கருதினார்கள். பரிசோதித்துப் பார்த்தபோது அது எலும்பிற் பிறந்த சார்க்கோமா என்னும் புற்று எனத் தெரிந்தது. நவம்பர் மாதத்திலே கோலி அவளுடைய கையை முழங்கைக்குக் கீழே வெட்டி அகற்றினார். பயனில்லை. சில வாரங்களுள் கட்டிகள் உடலெங்கும் பரவின. 1891ஆம் ஆண்டு ஜனவரி 23ஆந் திகதி அவள் இறந்தாள்.

புதிய வைத்தியர் ஒருவர் தம் முதல் நோயாளர்களுள் ஒருவரை இழப்பது புதுமையன்று. ஆனால் கோலியினால் அம்மரணத்தை மறக்க முடியவில்லை. தாம் கற்ற சத்திர வித்தை முழுவதையும் பிழையறச் செய்தும் ஒரு நாளேனும் அவளுக்குக் கூடுதலாகக் கொடுக்க முடியவில்லையே என்னும் எண்ணம் அவரை வருத்தியது. பெஸியின் நெருங்கிய நண்பரான இளைஞர் ஜோன் ரொக்பெல்லரையும் அந்த மரணம் உலுக்கியது. ரொக்பெல்லர் குடும்பத்தின் பெரும் பொருள் பிற்காலத்திலே புற்றுநோய் ஆராய்ச்சியின் பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பர்.

பழைய ஏடுகளில் ஒரு பெயர்

துயரத்தோடு கோலி நின்றுவிடவில்லை. நியூயோர்க் வைத்தியசாலையின் பழைய பதிவேடுகளை எடுத்து, சார்க்கோமா நோயாளர்களின் கதைகளை ஒவ்வொன்றாகப் படிக்கலானார். பெரும்பாலும் எல்லாக் கதைகளும் ஒரே விதமாகவே முடிந்தன. அவற்றிடையே ஒன்று மட்டும் வேறாக இருந்தது.

பிரெட் ஸ்டைன் என்பவர் ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளி. கழுத்திலே தோன்றிய சார்க்கோமாவைப் பலமுறை அறுத்தும் அது மீண்டும் மீண்டும் வளர்ந்தது. இனிச் செய்வதற்கொன்றுமில்லை என வைத்தியர்கள் கைவிட்ட வேளையிலே, அறுத்த புண்ணில் எரிசிப்பெலஸ் என்னும் தொற்றுநோய் பற்றிக்கொண்டது. ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் பற்றீரியாவினால் உண்டாகும் இந்நோயில் தோல் நெருப்புப் போலச் சிவந்து எரியும், கடுங்காய்ச்சல் காயும், அக்காலத்தில் உயிரைக் குடிப்பதும் உண்டு. ஆனால் ஸ்டைன் இறக்கவில்லை. காய்ச்சல் தணிய, கட்டியும் கரைந்து மறைந்தது. அவர் எழுந்து வீடு சென்றார் என்பதுடன் ஏடு நின்றுவிட்டது.

அவர் இப்பொழுது எங்கே? நோய் மீண்டதா? பதிவேட்டில் விடையில்லை. ஆகவே கோலி தாமே தேடப் புறப்பட்டார். ஜேர்மானியக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த நியூயோர்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியிலே, வறியோர் குடியிருப்புகளில் வீடு வீடாக விசாரித்து, 1891இல் அவரைக் கண்டுபிடித்தார். ஏழு ஆண்டுகள் கழிந்தும் ஸ்டைன் நலமாக இருந்தார். கழுத்திலே பழைய தழும்பு இருந்தது, கட்டி இருக்கவில்லை.

இந்தத் தேடலை நான் எண்ணுந்தோறும் வியப்படைகின்றேன். புத்தகத்தைப் படித்து முடிவு சொல்வோர் பலர். மாடிப்படி ஏறி இறங்கி, கதவு தட்டி, ஓர் ஏழையின் கழுத்தைத் தம் கண்ணாற் பார்த்து வந்தவர் இவர்.

நோயைக் கொண்டு நோயை

ஸ்டைனுக்குத் தற்செயலாக நேர்ந்ததை வேண்டுமென்றே செய்து பார்த்தால் என்ன? 1891 மே மாதத்திலே சோலா என்னும் இத்தாலியருக்குக் கோலி சிகிச்சையைத் தொடங்கினார். அவருடைய கழுத்திலும் தொண்டையிலும் கட்டிகள். உணவு விழுங்குவதே அரிது. பற்றீரியாவை ஊசி மூலம் ஏற்றியும் முதலில் எரிசிப்பெலஸ் பற்றவில்லை. ஒக்டோபரில், ஜேர்மனியில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்திலிருந்து பெற்ற வீரியமிக்க பற்றீரியாவை ஏற்றியபின், நோய் உக்கிரமாகக் கண்டது. சோலா சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். கழுத்துக் கட்டி சில நாட்களிலேயே உடைந்து கரைந்தது. அதன்பின் அவர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

ஆனால் இம்முறையின் மறுபக்கம் கொடியது. சிலரிடம் தொற்றை உண்டாக்கவே முடியவில்லை. சிலரிடமோ அது கட்டுமீறியது. தொடக்க கால நோயாளர் இருவர் ஏற்றிய தொற்றினாலேயே இறந்தனர். கோலி அதனை மறைக்கவில்லை. உயிருள்ள பற்றீரியாவைக் கைவிட்டு, வெப்பத்தினாற் கொல்லப்பட்ட இருவகைப் பற்றீரியாக்களின் கலவையைத் தயாரித்தார். ஒன்று ஸ்ரெப்ரோகொக்கஸ்; மற்றது பசிலஸ் புரொடிஜியோசஸ் என அந்நாளில் அழைக்கப்பட்டது. ஒன்று மற்றதன் வலிமையைப் பெருக்கும் என்பது அவர் எண்ணம். இதுவே கோலியின் நச்சுக் கலவை எனப் பெயர் பெற்றது. தொற்றுநோய் உண்டாகாது, அதன் காய்ச்சலும் நடுக்கமும் மட்டும் உண்டாகும்.

1893 ஜனவரியில் ஜோன் பிக்கன் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் அக்கலவையை முதன்முதற் பெற்றான். வயிற்றில் பெருங்கட்டி, சத்திர சிகிச்சைக்கு இடமில்லை. மே மாதம் வரை ஊசி தொடர்ந்தது. ஒவ்வொரு முறையும் காய்ச்சல். ஒவ்வொரு முறையும் கட்டி சிறிது சுருங்கிற்று. அவன் பிழைத்து வளர்ந்து, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மாரடைப்பினால் இறந்தான்.

ஏன் நம்பவில்லை?

அதன்பின் நாற்பது ஆண்டுகளாகக் கோலி இக்கலவையைக் கைவிடவில்லை. நியூயோர்க்கின் மெமோரியல் வைத்தியசாலையிலே பணி செய்து, நூற்றுக்கணக்கானோருக்கு அதனைக் கொடுத்தார். 1899 முதல் பார்க் டேவிஸ் கம்பனி அதனைத் தயாரித்து விற்றது. சிலர் வியக்கத்தக்க முறையிற் குணமடைந்தனர். பலருக்குப் பயன் கிட்டவில்லை. மற்றைய வைத்தியர்கள் கொடுத்துப் பார்த்தபோது சிலர் நற்பலன் கண்டனர். பலர் ஒன்றுங் காணாது கண்டித்தெழுதினர்.

எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் அதே வைத்தியசாலையின் நோய்க்குறியியல் அறிஞர் ஜேம்ஸ் யூயிங். எலும்புப் புற்று ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவர் சிறியவரல்லர், பொறாமையினால் எதிர்த்தவர் என்று சொல்லி அவரை ஒதுக்கிவிட முடியாது. குணமடைந்ததாகக் கோலி கூறியோரிற் சிலருக்கு உண்மையிலேயே புற்று இருந்ததா என அவர் ஐயுற்றார். மேலும் அது ரேடியமும் எக்ஸ் கதிரும் உலகை மயக்கிய காலம். கதிர்ச் சிகிச்சையினால் அனேகமாக எல்லாக் கட்டியும் உடனே சுருங்குவதைக் கண்ணாற் காணலாம். கோலியும் கதிரைப் பயன்படுத்திப் பார்த்தவரே. அது பட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்கின்றது, பரவிய நோயைத் தடுப்பதில்லை என்பது அவர் கண்ட முடிவு. அதனைக் கேட்பார் இல்லை.

இவ்விடத்திலே கோலியின் பக்கமே நின்று யூயிங்கைத் தூற்றுவது எளிது. நானும் முதலில் அப்படியே எண்ணினேன். ஆனால் மேலும் படித்தபோது குறை கோலியிடத்தும் இருந்தது புலனாயிற்று. அவருடைய கலவை ஒரே கலவையாக இருக்கவில்லை. காலத்துக்குக் காலம் பதின்மூன்று வகையாகத் தயாரிக்கப்பட்டது. சில வகைகள் வீரியமற்றவை. சிலருக்குக் கட்டியிலேயே ஊசி, சிலருக்குத் தசையில், சிலருக்குக் குருதிக்குழாயில். சிலருக்குச் சில வாரம். சிலருக்குப் பல மாதம். சிலருக்கு முன்னரே சத்திர சிகிச்சை நடந்திருந்தது. பலருடைய பிற்காலம் பதியப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கலவை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. பிழைத்த ஒருவரைக் காட்டிக் கோலி நம்பினார். இறந்த ஒருவரைக் காட்டி மற்றவர் மறுத்தனர். இருவருக்கும் இடையே தீர்ப்புக் கூறத் தராசு இல்லை.

அத்தராசை அக்காலம் இன்னும் செய்யவில்லை. நோயாளர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, மருந்துகளை நேர்மையாக ஒப்பிடும் முறை 1948இல் பிரித்தானியாவிற் காசநோய் மருந்தொன்றைப் பரிசோதித்த பின்னரே வேரூன்றியது. கோலி 1936ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இறந்துவிட்டார். குடலிறக்கச் சத்திர சிகிச்சையில் வல்லவர் என்னும் புகழ் அவருக்குக் குறையாமல் இருந்தது. உயிரினும் மேலாக அவர் கருதிய கண்டுபிடிப்போ அவருடன் அடங்கிவிடும் போலவே தோன்றியது.

மகள் திறந்த பெட்டிகள்

அடங்கவிடாதவர் அவருடைய மகள் ஹெலன். தந்தையின் வாழ்க்கையை எழுத எண்ணி அவருடைய காகிதங்களைப் புரட்டியபோது, நோயாளர்களின் கதைகள் அவருடைய கண்ணில் பட்டன. அவர் வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் நோயாளர் ஒவ்வொருவரையும் பற்றிக் கடிதம் எழுதி விசாரித்து, எந்த வகைக் கலவை, எத்தனை நாள், எவ்வளவு காய்ச்சல், பின்னர் எத்தனை ஆண்டு வாழ்வு என அட்டவணைப்படுத்தினார். தந்தை செய்யாமல் விட்ட வேலையை மகள் செய்தார் எனலாம். 1953இல் நியூயோர்க்கிலே புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தொடக்கினார். ரொக்பெல்லர் குடும்பத்தவர் ஒருவர் கொடுத்த 2,000 டொலரும் அதன் முதலில் அடங்கும். பெஸியின் மரணத்தில் தொடங்கிய தொடர்பு அறுபது ஆண்டுகளின் பின்னும் அறவில்லை. ஹெலன் 2001 வரை வாழ்ந்தார்.

இனி, கோலி அறிந்திருக்க முடியாத கதை. நம் உடலிலே ரி கலங்கள் என்னும் காவற்படை உண்டு. அது வரம்புமீறி உடலையே தாக்காதிருக்க, இயற்கை அதற்குக் கடிவாளங்கள் பூட்டியிருக்கின்றது. ஒரு கடிவாளம் நிணநீர்க் கணுக்களிலே, படை திரளும்போதே இழுத்துப் பிடிக்கும். மற்றொன்று போர்க்களத்திலே, கட்டியின் அருகில், படையைத் தளரச் செய்யும். புற்று இக்கடிவாளங்களின் துணைகொண்டே பிழைக்கின்றது. முதலாவதை அவிழ்த்தால் எலிகளின் கட்டி மறைவதை அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசன் 1996இற் காட்டினார். இரண்டாவதை ஜப்பானியரான தசுகு ஹொன்ஜோ 1992இற் கண்டறிந்தார். இருவரும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முதற் கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்து இப்பிலிமுமாப். இரண்டாவதை அவிழ்ப்பது நிவோலுமாப்.

இரண்டையும் ஒருங்கே அவிழ்த்தால்? பரவிய மெலனோமா உள்ளவர்களிடம் இதனைப் பரிசோதித்த முதல் அறிக்கை 2013இல் வெளிவந்தது. அப்பணியில் முன்னின்றது கோலி பணி செய்த அதே மெமோரியல் வைத்தியசாலை. இரு மருந்தையும் ஒரே காலத்திற் பெற்றவர்கள் 53 பேர். பலருடைய கட்டிகள் விரைவிலும் பெரிதும் சுருங்கின. அதே வேளையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கடும் பக்கவிளைவுகள் ஏற்பட்டன. அவிழ்த்துவிட்ட படை குடலையும் ஈரலையும் சுரப்பிகளையும் தாக்கியது. கோலியின் நடுக்கமும் காய்ச்சலும் வேறு வேடத்தில் வந்தது போலிருந்தது.

கோலியின் காலமாயின் இவ்விடத்திலே வாதம் தொடங்கியிருக்கும். இம்முறை தராசு இருந்தது. பல நாடுகளிலிருந்து 945 நோயாளர்கள், நோயின் நிலையும் பரிசோதனையின் ஆபத்தும் விளக்கப்பெற்று, தம் சம்மதத்தைக் கொடுத்தனர். சீட்டுக் குலுக்குவது போல அவர்கள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு இரு மருந்தும். ஒன்றுக்கு நிவோலுமாப் மட்டும். ஒன்றுக்கு இப்பிலிமுமாப் மட்டும். எவருக்கு எது என்பதை நோயாளரும் அறியார். சிகிச்சையளித்த வைத்தியரும் அறியார். வைத்தியரின் ஆசை கணக்கிற் புகாதிருக்கவே இந்தக் கட்டுப்பாடு.

2015இல் முதல் முடிவும் 2024இல் பத்தாண்டு முடிவும் வெளிவந்தன. பத்தாண்டு கழிந்தபின் இரு மருந்தும் பெற்றோரில் நூற்றுக்கு 43 பேர் உயிருடன் இருந்தனர். நிவோலுமாப் மட்டும் பெற்றோரில் 37 பேர்; இப்பிலிமுமாப் மட்டும் பெற்றோரில் 19 பேர். பிரிவினரிற் பாதிப் பேர் உயிர்வாழ்ந்த கால எல்லை முறையே 71.9 மாதம், 36.9 மாதம், 19.9 மாதம். மருந்துகளால் விளைந்த கடும் பக்கவிளைவோ, முதல் அறிக்கையின்படி, நூற்றுக்கு 55, 16, 27 என்ற அளவில் இருந்தது.

இவ்விலக்கங்களை நான் பலமுறை படித்தேன். இவை வெற்றி முரசு கொட்டவில்லை. இரு மருந்தையும் சேர்த்தால் கூடுதலானோர் பிழைக்கின்றனர். ஆனால் நிவோலுமாப் தனித்துப் பெற்றோரைவிட மிகப் பலர் கடுமையாக வருந்துகின்றனர். இந்த இரண்டு சேர்க்கைக்கும் தனி மருந்துக்கும் இடையிலான வேறுபாட்டை முறைப்படி தீர்ப்பதற்கென அப்பரிசோதனை அமைக்கப்படவுமில்லை. எந்த நோயாளருக்கு எது தகும் என்பதை வைத்தியரும் நோயாளரும் கூடியிருந்தே முடிவு செய்தல் வேண்டும். கோலியின் நோயாளருக்கு அவருடைய நம்பிக்கை மட்டுமே கிடைத்தது. இன்றைய நோயாளருக்கு நன்மையும் தீமையும் அளந்து தரப்படுகின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கோலியின் பழைய கலவை இன்று எவருக்கும் தகுந்த மருந்தென நான் கூறவரவில்லை; காய்ச்சல் வந்தாற் புற்று மாறும் என்று எவரும் இதிலிருந்து கொள்ளலாகாது. உடலினுள்ளேயே புற்றை வெல்லும் ஆற்றல் உறங்கிக் கிடக்கின்றது என்பதே அவர் கண்ட உண்மை. அந்த ஆற்றல் எது, எப்படி எழுப்புவது என்பதைக் காண நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. உண்மையைக் காண்பது ஒன்று. அதனைப் பிறர் மறுக்கவியலாதபடி நிறுவுவது வேறொன்று. முதலாவதைச் செய்தவர் கோலி. இரண்டாவதைச் செய்தவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமல்லர். அந்த 945 பேரும் ஆவர்.

அவர்களை நான் அடிக்கடி நினைக்கின்றேன். தமக்கு எது கிடைக்கும் என்று அறியாமலே கையெழுத்திட்டவர்கள் அவர்கள். குறைந்த பலன் தந்த மருந்து சீட்டில் விழுந்து, இரண்டாண்டு காணாமலே மறைந்தவர்களும் அவர்களுட் பலர். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. இனி வரும் நோயாளருக்கு வைத்தியர் சொல்லும் ஒவ்வோர் இலக்கத்திலும் அவர்களுடைய நாட்கள் இருக்கின்றன. பெஸியும், தொற்றினால் இறந்த அந்த இருவரும், நியூயோர்க் குடியிருப்பிலே கதவைத் திறந்து தம் கழுத்தைக் காட்டிய ஸ்டைனும் அவர்களுக்கு முன் வந்தவர்கள்.

கறுத்த தோலுடைய நம் போன்றோருக்கு மெலனோமா அருமையாகவே வரும். வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் ஒளிந்து வருவதுண்டு. புதிதாகத் தோன்றிய அல்லது வளர்கின்ற கறுப்புப் புள்ளியைக் கண்டால் முள் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள். தொடக்கத்திலேயே அறுத்தெடுத்தால் மேற்சொன்ன மருந்துகள் பெரும்பாலும் தேவையே படா.

அண்ணரின் கால் அடியை நாம் ஒரு நாள் முன்னரே பார்த்திருக்கலாம் என்ற நினைவு எனக்கு இன்னும் ஆறவில்லை. குளித்து வந்தபின் என் பேரப்பிள்ளைகளின் உள்ளங்கால்களைத் திருப்பிப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொண்டுள்ளேன். அவர்கள் கூச்சம் தாங்காமற் சிரிக்கின்றார்கள்.